மதுரையை நடந்தே சுற்றிக் காட்டுவது எப்படி: மகாலில் தொடங்கி கறி தோசை வரை ஒரு சாயங்காலம்

வெளியூர் நண்பர்களோ சொந்தக்காரர்களோ வந்து இறங்கியதும், "மதுரையைச் சுத்திக் காட்டுங்க, அப்படியே நல்லா சாப்பிடவும் வைங்க" என்பார்கள். முதல் முறை அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் மீனாட்சி அம்மன் கோயிலில் ஆரம்பித்து, வெளியே வந்து பரோட்டா சாப்பிட்டு, திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் கதவு சாத்தியிருக்கும். இடங்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. வரிசைதான் சிக்கல். மூன்று விஷயங்கள் அதைத் தீர்மானிக்கின்றன: மகால் மாலை 5 மணிக்கு மூடுகிறது, கோயில் மதியம் 12.30க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கிறது. கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகப் பலர் விரும்பமாட்டார்கள். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் வழி தானாகவே அமைந்துவிடும்: மகால், விளக்குத்தூண், புது மண்டபம், கோயில், மேலமாசி வீதி, சிம்மக்கல். சுமார் 4 கிலோமீட்டர். சாப்பாட்டையும் சேர்த்து ஐந்தரை முதல் ஆறு மணி நேரம்.

கிளம்பும் முன்

ஆறு பேர் சரியான எண்ணிக்கை. எட்டுக்கு மேல் போனால் தள்ளுவண்டி முன்னால் நிற்க இடமிருக்காது. நீங்கள் பேசுவது கடைசி ஆளுக்குக் கேட்கவும் செய்யாது.

நாள் தேர்வில் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை, பௌர்ணமி, சித்திரைத் திருவிழா நாட்கள், கார்த்திகை முதல் தை வரையிலான ஐயப்ப சீசன் ஆகியவற்றில் தரிசன வரிசையே உங்கள் மாலையைத் தின்றுவிடும். செவ்வாய், புதன் போன்ற சாதாரண நாட்கள் நல்லது. சித்திரை, வைகாசி வெயிலில் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் மூன்று மணிக்கு நடக்க வைக்காதீர்கள்.

வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்ல வேண்டியவை:

- கோயிலுக்குள் அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை ஆகாது. வேட்டி, பேன்ட், சேலை, சுடிதார் சரி.
- எளிதில் கழற்றி மாட்டும் செருப்பு. ஷூவும் சாக்ஸும் வேண்டாம்.
- மதியச் சாப்பாடு பாதி வயிறுதான்.
- ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், கையில் சில்லறை நோட்டு.
- பால் ஒத்துக்கொள்ளாதவர், சர்க்கரை உள்ளவர், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் யார் யார் என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் நாள் அதே நேரத்தில் தனியாக ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் நிழல், எங்கே ஆறு பேர் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல் நிற்கலாம், எந்தத் தெரு தோண்டிக் கிடக்கிறது, கழிப்பறை எங்கே என்பதெல்லாம் செல்போன் வரைபடத்தில் தெரியாது.

வீதிகளை முதலில் புரிய வையுங்கள்

நடக்கத் தொடங்கும் முன் ஒரு காகிதத்தில் சதுரத்துக்குள் சதுரமாக ஐந்து வரையுங்கள். உள்ளேயிருந்து வெளியே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. ஆடி வீதி கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் கீழ, மேல, வடக்கு, தெற்கு சேர்த்துக்கொண்டால் முகவரி தயார். மேலமாசி என்றால் கோயிலுக்கு மேற்கே, வெளியிலிருந்து இரண்டாவது சதுரம். இதைத் தெரிந்துகொண்டவர் தொலைந்தாலும் திரும்பி வந்துவிடுவார்.

மாசிக்கும் வெளிக்கும் இடையே மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று பெயர்கள் வரும். பழைய கோட்டை நின்ற இடம் அது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள்தான் இவை.

படி 1: திருமலை நாயக்கர் மகால் (3.00 – 4.00)

3 மணிக்கு நுழைவுச்சீட்டு வாங்கிவிடுங்கள். 1636இல் கட்டியது. இப்போது நாம் பார்ப்பது மொத்த அரண்மனையில் சுமார் கால் பங்குதான். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார். எஞ்சியதைச் சீர்செய்தவர் சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர். பிறகு 1970 வரை இங்கே நீதிமன்றம் நடந்தது.

இவ்வளவையும் வாசலிலேயே கொட்டிவிடாதீர்கள். ஓர் இடத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேசினால் கண்கள் செல்போனுக்குப் போய்விடும். ஒரு தகவல், கண்ணால் தேடிப் பார்க்க ஒரு விஷயம், அவ்வளவு போதும். இங்கே தேட வேண்டியது சுதை வேலை. அரசவை மண்டபமான சொர்க்க விலாசத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். வளைவுகளின் யாளியும் பூவேலையும் செங்கல், சுண்ணாம்புக் காரையில் ஆனவை. மரச் செதுக்கல் என்றுதான் பலர் முதலில் நினைப்பார்கள்.

தூணில் பெயர் கிறுக்குகிற கூட்டத்தில் உங்கள் ஆட்கள் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள். அடுத்த வாய்ப்பு வர நேரமாகும்.

படி 2: பத்துத்தூண், விளக்குத்தூண், ஜிகர்தண்டா (4.00 – 5.00)

மகாலிலிருந்து வடக்கே நடந்தால் பத்துத்தூண் சந்து. அரண்மனையின் அழிந்துபோன பகுதி ஒன்றின் தூண்கள் ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. துணி வாங்க வந்தவர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. மகால் எவ்வளவு தூரம் பரந்து கிடந்தது என்பது இங்கே வந்தால்தான் உறைக்கும். அதனால் மகாலுக்குப் பிறகு உடனே இதைக் காட்டுங்கள், முன்னால் காட்டினால் வெறும் தூண்.

மகாலைச் சுற்றி சௌராஷ்டிர மக்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்கள். சாயங்காலக் கடை போட்டிருந்தால் முள்ளு முருங்கை வடை கிடைக்கும். பெயர்தான் வடை, பார்க்கப் பச்சைப் பூரி. முள்ளு முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டி எண்ணெயில் போட்டு, மேலே மிளகாய்ப் பொடி தூவிக் கொடுப்பார்கள். இருவருக்கு ஒன்று வாங்குங்கள்.

விளக்குத்தூண் அதே பிளாக்பர்ன் நினைவாக நிறுத்தியது. முச்சந்தி நெரிசலில் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியதைச் சந்துக்குள்ளேயே சொல்லிவிட்டு, தூணைக் கைகாட்டிவிட்டுக் கடந்துபோங்கள்.

இந்தப் பகுதியில்தான் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். சர்பத் அடியில் தங்கும். கலக்காமல் குடிக்கத் தொடங்கினால் மேலே சப்பென்றும் கடைசி வாய் திகட்டவும் செய்யும். கரண்டியை அடிவரை விட்டு இரண்டு முறை கிளறச் சொல்லுங்கள், அதற்கு மேல் கிளறினால் ஐஸ்கிரீம் கரைந்து தண்ணீராகிவிடும்.

அளவு முக்கியம். ஆறு பேருக்கு மூன்று டம்ளர். 'ஸ்பெஷல்' வேண்டாம், பாசந்தி கூடுதலாக விழுந்து, இரவு வெகுநேரம் பசிக்காது. இந்த நடையில் அடிக்கடி நடக்கும் தவறே இதுதான்: இரண்டாவது நிறுத்தத்திலேயே வயிற்றை நிரப்பி, கறி தோசை வரும்போது ஒருவரும் தொடாமல் உட்கார்ந்திருப்பது. பால் ஆகாதவருக்கு அதே கடைகளிலோ பக்கத்திலோ வெறும் நன்னாரி சர்பத் கிடைக்கும்.

படி 3: கீழமாசி வழியாகப் புது மண்டபம் (5.00 – 5.40)

கீழமாசி வீதியில் வடக்கே நடந்து, மேற்கே திரும்பினால் ராயகோபுரம் வரும். திருமலை நாயக்கர் தொடங்கி முடிக்காமல் விட்ட கோபுரம். நிலைக்கால்கள் மட்டும்தான் இருக்கின்றன, அவற்றின் உயரத்தைப் பார்த்து மீதியை மனசில் கட்டிக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் புது மண்டபம். பெயரில்தான் புதுசு. 17ஆம் நூற்றாண்டில் வசந்த விழாவுக்காக எழுப்பியது. உள்ளே நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள் தூண்களோடு சேர்ந்தே செதுக்கப்பட்டிருக்கின்றன. பல பத்தாண்டுகள் தையல்காரர்களும் பாத்திரம், வளையல், புத்தகக் கடைகளும் நிறைந்திருந்த இடம் இது. சில ஆண்டுகளுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். உள்ளே விடாத நாளில் வெளித்தூண்களின் குதிரை வீரர்களையும் யாளிகளையும் காட்டிவிட்டு நகருங்கள்.

மல்லிகைப்பூ வாங்க நினைப்பவர்கள் கோயிலுக்குள் போகும் முன் இங்கே வாங்கிக்கொள்ளலாம். முழக் கணக்கு, யார் கையால் முழம் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

படி 4: கோயில் (5.40 – 7.15)

புதியவர்கள் தடுமாறும் இடம் இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கிழக்கே நிற்கிறீர்கள் என்பதற்காக அந்த வாசலிலேயே செருப்பைக் கழற்றாதீர்கள். எந்த வாசலில் செருப்பும் செல்போனும் வைக்கிறீர்களோ, அதே வாசலுக்குத்தான் திரும்ப வேண்டும். கிழக்கே வைத்துவிட்டு மேற்கே வெளியே வந்தால் சித்திரை வீதியைப் பாதி சுற்றி வெறுங்காலில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். செருப்போடேயே தெற்குச் சித்திரை வீதிக்கு வந்து தெற்குக் கோபுர வாசலைப் பயன்படுத்துங்கள். நான்கில் உயரமான கோபுரம் அதுதான், உள்ளே போனால் பொற்றாமரைக் குளமும் அம்மன் சன்னதியும் கிட்டத்தில். அடுத்து போகவேண்டிய மேலமாசிக்கும் இங்கிருந்து சுற்று குறைவு.

2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே செல்போன் கிடையாது. இதனால் வரும் சிக்கல்கள் மூன்று.

ஒன்று, பிரிந்துபோனால் கூப்பிட முடியாது. உள்ளே நுழைந்ததும் பொற்றாமரைக் குளத்தின் தெற்குப் படிக்கட்டைக் காட்டி, "தவறிப்போனால் இங்கே, 7 மணிக்கு" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கையில் கைக்கடிகாரம் இருக்கட்டும். வருகிறவர்களில் ஒருவரிடமும் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு, போன் இல்லையென்றால் ஜிபே இல்லை. அர்ச்சனைச் சீட்டு, சிறப்பு தரிசனச் சீட்டு, ஆயிரங்கால் மண்டப நுழைவு எல்லாவற்றுக்கும் கையில் பணம் வேண்டும்.

மூன்று, டோக்கன். எல்லா போனையும் ஒரே பையில் போட்டு ஒரே டோக்கனாக வாங்கி, ஒருவரே வைத்திருங்கள். ஆறு பேர் ஆறு டோக்கனோடு வெளியே வரும்போது ஒன்றாவது காணாமல் போகும்.

பார்க்கும் வரிசை: குளம், அம்மன், முக்குறுணி விநாயகர், சுவாமி சன்னதி, கம்பத்தடி மண்டபம், ஆயிரங்கால் மண்டபம். முதலில் அம்மன், அப்புறம்தான் சுவாமி. மதுரையில் அதுதான் முறை. இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளே போய்த் தடுக்கப்பட்டால் சங்கடம். அவர்கள் குளக்கரையிலும் மண்டபங்களிலும் இருக்கலாம், யாராவது ஒருவர் துணைக்கு நிற்க வேண்டும். ஆயிரங்கால் மண்டபம் 1569இல் அரியநாத முதலியார் கட்டியது, தூண்கள் 985. சிறுவர்கள் இருந்தால் எண்ணச் சொல்லாதீர்கள், எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அது அருங்காட்சியகமாக இருப்பதால் கோயிலுக்கு முன்னதாகவே மூடப்படலாம். நுழையும்போதே விசாரித்து, தேவைப்பட்டால் வரிசையை மாற்றுங்கள்.

2019 நவம்பர் முதல் பக்தர்களுக்கு இலவச லட்டு கொடுக்கிறார்கள். நம் கணக்கில் அதுவும் ஒரு நிறுத்தம்தான்.

காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுவதாக இருந்தால், கோயிலுக்குள் சுற்றுலாத் துறை அனுமதி பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

படி 5: மேலச்சித்திரை, மேலமாசி (7.15 – 8.00)

மேலச்சித்திரை வீதிப் பக்கம் பழைய டிபன் கடைகளில் வெள்ளையப்பம் கிடைக்கும். பச்சரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி, சிவக்க விடாமல் எடுப்பது. தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி. ஆறினால் எண்ணெய் மட்டும்தான் நாக்கில் நிற்கும், நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுங்கள். இந்த நேரத்துக்குத் தீர்ந்துபோயிருக்கவும் கூடும். அப்படியானால் அலைய வேண்டாம், வழியில் பருத்திப்பால் வண்டி பாருங்கள். ஊறிய பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்த பாலில் அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, தேங்காய் சேர்த்துக் காய்ச்சியது. சூடாக, அரை டம்ளர் போதும். மாட்டுப்பால் இல்லை என்பதால் ஜிகர்தண்டாவைத் தவறவிட்டவருக்கு இது ஈடு.

மேலமாசி வீதி 251ஏ எண் கட்டடத்தில்தான் காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறினார். மாடியில் அவர் தங்கிய இடம், கீழே கதர்க்கடை. மூடியிருந்தாலும் வாசலில் நின்று இரண்டு நிமிடம் சொல்லலாம்.

சைவக்காரர்களுக்கு இரவு உணவு இந்த வீதியிலும் சுற்றுப்புறத்திலும் முடிந்துவிடும். நான்கு வகைச் சட்னியோடு இட்லி, தேவையானால் பொடி தோசை. குழு கலப்பாக இருந்தால் சைவக்காரர்களை இங்கே சாப்பிட வைத்துவிட்டே நகருங்கள். கறிக்கடையில் அவர்களை உட்காரவைத்து வெறும் தோசை வாங்கிக் கொடுப்பது நியாயமில்லை.

படி 6: சிம்மக்கல், கறி தோசை (8.15 முதல்)

வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டர். கால் ஓய்ந்தவர்களுக்கு ஆட்டோ. கறி தோசை மெல்லிய தோசையல்ல: கனமாக ஊற்றி, மேலே முட்டை, அதன்மேல் கொத்துக்கறி மசாலாவைப் பரப்பி, திருப்பிப் போட்டு வேகவைப்பது. கல்லில் நேரம் பிடிக்கும். உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு, பிறகு மற்றதை யோசியுங்கள். ஆறு பேருக்கு இரண்டு அல்லது மூன்று கறி தோசை, ஒரு சுக்கா, கொஞ்சம் இட்லி. காரம் ஆகாதவர்கள் சால்னாவைக் கேட்டு ஊற்றிக்கொள்ளட்டும். பரிமாறுகிறவர் பாட்டுக்கு ஊற்றிவிட்டுப் போய்விடுவார். ஞாயிறு இரவு இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிவரும்.

முழுக்கச் சைவக் குழுவாக இருந்தால் இந்தப் படியே வேண்டாம். மேலமாசியில் சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினால், இரவு 9 மணி வாக்கில் சுவாமி பல்லக்கில் அம்மனின் பள்ளியறைக்குப் போவதைப் பார்க்கலாம். செருப்பும் போனும் மறுபடி வைக்க வேண்டும். எட்டே முக்காலுக்கெல்லாம் உள்ளே இருங்கள்.