பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: பலரும் சறுக்கும் இடங்கள்

பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்து, ஓட்டி, மனதைப் பறிகொடுத்து, விலையும் பேசி முடித்த பிறகுதான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வருகிறது: "எக்ஸ்டெண்டட் வாரண்டியும் சேர்த்துப் போட்டுவிடலாமா?" கார் நிறுவனத்தின் வாரண்டி முடிந்த பிறகு வரும் பழுதுகளுக்குப் பணம் தருவதாகச் சொல்லும், காசு கொடுத்து வாங்கும் ஒப்பந்தம் அது. அந்த நேரத்தில் நிதானமாக யோசிப்பது கஷ்டம். கார் கைக்கு வரப்போகிற சந்தோஷம் ஒரு பக்கம், பெரிய செலவு வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். பயத்திலேயே கையெழுத்துப் போடுகிறவர்கள் உண்டு. வாரண்டி என்றாலே ஏமாற்று வேலை என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறுதான்: வாங்கப்போகும் காரை விட்டுவிட்டு, வாரண்டியைப் பற்றிப் பொதுவாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பயம் நியாயமானதுதான். ஸ்போர்ட்ஸ் காரின் விலை பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் இறங்கும். அதைப் பழுதுபார்க்கும் செலவு இறங்காது. முதல் உரிமையாளர் கொடுத்ததில் பாதியைக் கொடுத்துக் காரை வாங்கியிருக்கலாம். கியர்பாக்ஸ் போனால் அதற்குப் பாதி விலை கிடையாது. ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. இந்த மாடலில் வழக்கமாக எது போகும்? அது போனால் இந்த ஒப்பந்தம் பணம் கொடுக்குமா?

பரிசோதனைக்குப் பதிலாக வாரண்டியை நம்புவது

எனக்குத் தெரிந்து அதிகம் நஷ்டப்படுத்துவது இதுதான். வாரண்டி இருக்கிறதே, அப்புறம் எதற்கு மெக்கானிக்குக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று நினைத்து, காரைச் சோதிக்காமலே வாங்கிவிடுவார்கள். ஆனால் இந்த ஒப்பந்தங்களில், வாங்கும் முன்பே இருந்த பழுதுக்குப் பணம் கிடையாது என்ற வரி அநேகமாக எப்போதும் இருக்கும். பலவற்றில் முதல் சில வாரங்களுக்கு, அல்லது குறிப்பிட்ட தூரம் ஓடும்வரை, க்ளெய்ம் செய்யவே முடியாது. கார் கைக்கு வந்த இரண்டாவது மாதம் இன்ஜினில் சத்தம் கேட்டால், "இது முன்பே இருந்த பழுது" என்று அவர்கள் சொல்வார்கள். இல்லை என்று நிரூபிக்க உங்கள் கையில் என்ன இருக்கும்?

அந்த மாடலில் பழகிய ஒரு சுதந்திரமான மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம். சிறு கேமராவை ஸ்பார்க் பிளக் துளை வழியாக விட்டு சிலிண்டர் சுவரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டு, எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். மேனுவல் கியர் கார் என்றால் இன்னொன்றும் முக்கியம். வேகமாகப் போகும்போது யாராவது தவறிப்போய் மிகக் குறைந்த கியருக்கு மாற்றியிருந்தால், சக்கரங்களே இன்ஜினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றிவிடும். எரிபொருளை நிறுத்தும் பாதுகாப்பு இதைத் தடுக்காது. போர்ஷே கார்களின் இன்ஜின் கணினி இப்படி எல்லை மீறிச் சுழன்ற கணக்கைப் பிரிவு பிரிவாகப் பதிந்து வைத்திருக்கும். சரியான ஸ்கேனர் உள்ளவர் சில நிமிடங்களில் படித்துச் சொல்லிவிடுவார். அந்தக் கணக்கு உங்களுக்கு எவ்வளவு பயன்படுமோ, நாளை க்ளெய்மை மறுக்க நினைப்பவருக்கும் அதே அளவு பயன்படும்.

இந்தப் பரிசோதனை அறிக்கையைத் தேதியோடு எழுத்தில் வாங்கி வையுங்கள். கார் கைமாறிய நாளில் இந்தப் பழுது இல்லை என்று சொல்ல, சாதாரணமாக ஒருவருக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அதுதான்.

அந்தக் காரின் நோய் என்ன என்று தெரியாமல் இருப்பது

ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒரு பேர்போன பலவீனம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாரண்டியைப் படிப்பதில் அர்த்தமே இல்லை.

போர்ஷேயின் முதல் பாக்ஸ்டர், 996 தலைமுறை 911 ஆகியவற்றின் சாதாரண இன்ஜின்களில் இடைத்தண்டு பேரிங் என்று ஒன்று, இன்ஜினுக்குள் சுழலும் ஒரு தண்டைத் தாங்கும் பாகம், இருக்கிறது. அது உடைந்தால் பெரும்பாலும் இன்ஜினே போய்விடும். அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 இரண்டிலும் இருப்பது வேறு இன்ஜின், அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2009 மாடலில் வந்த புதிய இன்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். ஆக, "போர்ஷே 911-க்கு வாரண்டி வேண்டுமா" என்ற கேள்வியே தவறு. எந்த வருடம், எந்த இன்ஜின் என்று தெரிந்த பிறகுதான் பேச்சே தொடங்க முடியும்.

2007 முதல் 2013 வரை வந்த வி8 இன்ஜின் பிஎம்டபிள்யூ எம்3-இல் கனெக்டிங் ராட் (பிஸ்டனோடு இணைந்த தண்டு) பேரிங்குகள் சீக்கிரம் தேயும். விவரம் தெரிந்தவர்கள் அவை கெடும் முன்பே மாற்றிவிடுவார்கள். இங்கேதான் வாரண்டி கைவிரிக்கும். முன்னெச்சரிக்கையாக மாற்றினால் அது பராமரிப்பு, பணம் கிடையாது. மாற்றாமல் விட்டு இன்ஜின் போனால், அது தேய்மானம் என்று சொல்லி மறுக்க வழி இருக்கிறது. இந்தக் காரை வாங்குகிறவர் வாரண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் பேரிங்கை மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் சுழல் இன்ஜினில், சுழலும் பாகத்தின் முனைகளில் கசிவை அடைக்கும் முனை சீல்கள் தேய்ந்து அழுத்தம் குறையும். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான கார்களுக்கு மாஸ்டாவே இன்ஜின் வாரண்டியை 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது. தயாரித்தவரே ஒரு பாகத்துக்கு வாரண்டியை நீட்டினால், எங்கே வலி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 6.2 லிட்டர் மெர்சிடிஸ் ஏஎம்ஜி இன்ஜின்களின் ஆரம்ப வருடங்களில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள், முதல் தலைமுறை ஆடி ஆர்8-இல் எண்ணெய் கசியும் காந்த டேம்பர்கள் (அதிர்வு தாங்கிகள்) என்று பட்டியல் நீளும். உங்கள் மாடலின் உரிமையாளர்கள் நாலு பேரிடம் பேசினாலே போதும், அதே இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி எளிமையான, டர்போ இல்லாத நாலு சிலிண்டர் கார் என்றால், பெரிய பழுது வருவதே குறைவு; வந்தாலும் பாகங்கள் எளிதில் கிடைக்கும். அதற்கு வாரண்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

"எல்லாம் கவர் ஆகும்" என்ற வாய்ச்சொல்லை நம்புவது

ஒப்பந்தங்கள் இரண்டு விதம். ஒன்றில், எந்தெந்தப் பாகத்துக்குப் பணம் தருவோம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருப்பார்கள்; பட்டியலில் இல்லாதது எதுவும் கிடையாது. மற்றொன்றில், எதற்குத் தரமாட்டோம் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். அதில் இல்லாத எல்லாமே உண்டு. ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டாவது விதம்தான் பெரும்பாலும் மேல். முதல் விதத்தில் "இன்ஜின், கியர்பாக்ஸ் உண்டு" என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் இந்தக் கார்களில் அடிக்கடி போவது காரின் உயரத்தை ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷன், மடியும் கூரையின் ஹைட்ராலிக், சென்சார்கள், கணினிப் பெட்டிகள்.

என் நண்பர் ஒருவருடைய கூரை மடியும் காரில் கூரை பாதியில் நின்றுவிட்டது. "கூரை மோட்டார்" பட்டியலில் இருந்தது. போனதோ ஹைட்ராலிக் குழாயின் சீல். மோட்டார் நன்றாக ஓடுகிறது, ஆகவே பணம் இல்லை என்று கடிதம் வந்தது. தன் ஒப்பந்தத்தில் "சீல், கேஸ்கெட் நீங்கலாக" என்று இருந்ததை அவர் அன்றைக்குத்தான் முதல்முறை படித்தார். எண்ணெய்க் கசிவு பழைய காரில் சகஜம், அதனால் இந்த ஒரு வரியை மட்டும் கண்டிப்பாகத் தேடிப் பாருங்கள்.

அடுத்து "பழுது" என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கம். திடீரென்று இயங்காமல் போனால் மட்டும்தான் பழுதா, மெல்லத் தேய்ந்து போனாலும் பழுதா? பத்து வருடப் பழைய காரில் பெரும்பாலானவை தேய்ந்துதான் போகும். கிளட்ச், பிரேக் பேட், டயர் எதற்கும் கிடைக்காது என்பது பலருக்கும் தெரியும். கார்பன் செராமிக் பிரேக் தட்டுகளும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஃபெராரி எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டும். பெரிய செலவு, ஆனால் பராமரிப்புச் செலவு, ஆகவே அதுவும் முழுக்க உங்கள் தலையில்தான்.

கூலியையும் கேளுங்கள். நடுவில் இன்ஜின் வைத்த காரில் சின்னப் பாகத்தை அடையவே ஒரு நாள் வேலை ஆகலாம். மணிக்கு இவ்வளவுதான் தருவோம் என்று ஒப்பந்தத்தில் வரம்பு இருந்து, உங்கள் நிபுணர் அதைப் போல இரு மடங்கு வாங்கினால் மிச்சம் உங்களுடையது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்ற நிலையில், பிரிக்கும் செலவு யாருடையது? பல ஒப்பந்தங்களில் க்ளெய்ம் ஏற்கப்பட்டால் மட்டும் அவர்கள் தருவார்கள். மறுத்துவிட்டால், பிரித்துப் போட்ட இன்ஜினும் பில்லும் உங்கள் கையில்.

2024-இல் அமெரிக்காவில் இத்தகைய ஒப்பந்தங்களை விற்கும் கார்ஷீல்டு என்ற நிறுவனம், தன் விளம்பரங்களும் தொலைபேசி விற்பனையும் மக்களைத் தவறாக நம்பவைத்தன என்று மத்திய வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டை 1 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. விளம்பரத்தில் கேட்டது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை.

முந்தைய உரிமையாளர் செய்ததை மறந்துவிடுவது

ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவர்களில் பலர் எதையாவது மாற்றாமல் விடுவதில்லை. சக்தியைக் கூட்ட இன்ஜின் கணினியில் டியூனிங், வேறு எக்ஸாஸ்ட், தாழ்த்திய ஸ்பிரிங். விற்கும் முன் பழையபடி மாற்றிவைத்தாலும் தடயம் கணினியில் மிஞ்சலாம். ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களில் டியூனிங் கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்ற குறி நிறுவனத்தின் பதிவிலேயே விழுந்துவிடும். நீங்கள் தொடவே இல்லை என்றாலும், க்ளெய்ம் உங்களுடையதுதான் மறுக்கப்படும். வாங்கும் முன் இதையும் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டும் எண்ணம் இருந்தால், அன்றைக்கு ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறைவாக ஓடிய கார்தானே என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவதும் இதே மாதிரி ஆபத்துதான். ஒப்பந்தம் கேட்பது "இவ்வளவு கிலோமீட்டர் அல்லது இவ்வளவு மாதம், எது முன்னால் வருகிறதோ அது". வருடத்தில் 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பது மறுப்புக் கடிதத்துக்குப் பதிலாகாது. மாதக் கணக்குப்படி ஆயிலை மாற்றி, ஆயிலின் தரம் எழுதிய பில்லைக் கோப்பில் வையுங்கள்.

கணக்கைத் தவறாகப் போடுவது

வாரண்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் சராசரியாக 100-க்குக் குறைவாகத்தான் திருப்பித் தருவார், இல்லையென்றால் அவருக்குத் தொழில் நடக்காது. ஆகவே "போட்ட காசு திரும்பி வருமா" என்று பார்த்தால் பெரும்பாலும் வராது. வாங்குவதற்கான நியாயமான காரணம் வேறு: 400 ஆகும் ஒரு பழுது வந்தால் என்னால் தாங்க முடியாது என்பது. அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ஒரு க்ளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதைத்தான். வரம்பு 150 என்றால், நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதற்கு அது உதவாது. 30, 40 ஆகும் சின்னப் பழுதுகளுக்கு மட்டும் உதவும், அவற்றை நீங்களே சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு, அது ஒரு வருகைக்கா ஒரு பாகத்துக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

400-ஐத் தாங்கும் சேமிப்பு இருப்பவர், அந்த 100-ஐத் தனிக் கணக்கில் போட்டுவைத்தால் போதும். பழுது வராவிட்டால் பணம் அவருடையது. சேமிப்பு முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டவருக்கு வாரண்டி தேவைப்படலாம். ஆனால் அப்படிப்பட்டவரிடம், கொஞ்சம் குறைந்த விலையில் வேறு கார் பாருங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

கிடைத்தால், கார் நிறுவனமே தரும் நீட்டிப்பைத்தான் நான் முதலில் பார்ப்பேன். போர்ஷே தன் அங்கீகரிக்கப்பட்ட வாரண்டிக்கு 111 அம்சப் பரிசோதனை செய்கிறது. பி.டி.கே. என்ற அதன் இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் மாதிரி பெரிய பாகம் போனால் வாரண்டி தரும் இடமும் சரிசெய்யும் இடமும் ஒன்றாக இருப்பது பெரிய நிம்மதி. இத்தகைய வாரண்டியைக் காலாவதியாக விட்டுவிட்டுப் பிறகு புதுப்பிக்கப் போனால், மறுபடி பரிசோதனை, அதில் கண்டதையெல்லாம் உங்கள் செலவில் சரிசெய்வது என்று ஆகிவிடும். முடியும் தேதியைக் குறித்துவைத்து அதற்கு முன்பே பேசுங்கள். வேறு நிறுவனத்தின் ஒப்பந்தம் என்றால், பின்னால் நிற்கும் காப்பீட்டு நிறுவனம் யார் என்று கேளுங்கள். காரை விற்றால் புதியவர் பெயருக்கு மாற்ற முடியுமா, பாதியில் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். கார் கடனோடு சேர்த்துவிட்டால் வாரண்டிக்கும் வட்டி கட்டுவீர்கள், அதனால் அதைத் தனியாக வைத்து விலை பேசுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தின் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், விளம்பரத் தாளை அல்ல. உங்கள் மாடலில் வழக்கமாகப் போகும் மூன்று பாகங்களை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பணம் தரும் வரி எது, தராத வரி எது என்று பென்சிலால் குறியுங்கள். மூன்றில் இரண்டுக்கு விடை கிடைக்கவில்லை என்றால் அந்த வாரண்டி உங்கள் காருக்கானது இல்லை. முழுப் பிரதி பணம் கட்டிய பிறகுதான் வரும் என்று சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.