வேல்ஸ் கிராமத்துக் காட்டேஜுக்குப் போகிறீர்களா?

எரிரி (ஸ்னோடோனியா) மலைப்பக்கம் குடும்பத்தோடு காட்டேஜ் எடுத்துத் தங்குவதாக இருந்தால், வரைபடத்தைக் கிளம்பும் முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் சிக்னல் போய்விடலாம். வழி கண்டுபிடிக்க போஸ்ட்கோடை (அங்குள்ள பின்கோடு) மட்டும் நம்பாதீர்கள். ஒரே போஸ்ட்கோடில் நாலைந்து பண்ணைகள் இருக்கும். 'பாலம் தாண்டி இரண்டாவது கேட்' என்று உரிமையாளரிடம் அடையாளம் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்வதே உத்தமம்.

சாலை பல இடங்களில் ஒரு கார் அகலம்தான், இருபுறமும் புதர்வேலி. எதிரே டிராக்டர் வந்தால், கடைசியாகப் பார்த்த ஒதுங்கிடம் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். ரிவர்ஸ் என்றாலே வியர்க்கிறவர் ஸ்டியரிங்கைத் தொடாமலிருப்பது நல்லது. தரையில் 'ARAF' (அராவ்) என்று எழுதியிருந்தால், வேல்ஸ் மொழியில் 'மெதுவாக' என்று அர்த்தம்.

அப்புறம், பால், ரொட்டி, முட்டையை வழியில் கடைசி ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பசித்த பிள்ளைகளோடு இருட்டில் கடை தேட முடியாது.