பாரசீகம்: மூன்றே எழுத்தில் 'இது', 'அது'

பாரசீகத்தில் 32 எழுத்துகள். அத்தனையும் மனப்பாடமான பிறகுதான் சொல்லுக்கு வர வேண்டும் என்பதில்லை. அலெஃப், யெ, நூன் மூன்றும் தெரிந்தால் ஈன் (இது), ஆன் (அது) இரண்டையும் எழுதிவிடலாம்.

முதலில் 'ஈன்'. வலமிருந்து தொடங்குங்கள். அலெஃப் மேலிருந்து கீழே இழுக்கும் ஒரு நேர்கோடு. இழுத்ததும் பேனாவை எடுத்துவிடுங்கள், அது இடப்பக்க எழுத்தோடு ஒட்டாது. தால், ரெ, வாவ் மூன்றும் அப்படித்தான். தால் மேல் ஒரு புள்ளி, ரெ மேல் ஒன்று அல்லது மூன்று புள்ளி வைத்து வரும் எழுத்துகளையும் சேர்த்தால் ஒட்டாதவை ஏழு. அடுத்து யெ: சிறு பல் போன்ற மேடு. பேனாவை எடுக்காமல் அப்படியே நூனின் கிண்ணத்துக்குள் இறங்குங்கள். புள்ளிகள் கடைசியில்: பல்லுக்குக் கீழே இரண்டு, கிண்ணத்துக்கு மேலே ஒன்று.

புள்ளியில்தான் பலரும் சறுக்குவார்கள். அதே பல்லுக்கு மேலே இரண்டு வைத்தால் தெ. கீழே ஒன்று என்றால் 'கம்பம்' என்பதில் வரும் ப. கீழே மூன்று என்றால் 'பல்' என்பதில் வரும் ப. நமக்கு ஒரே எழுத்து, அங்கே இரண்டு. க-வும் அப்படியே: மேலே ஒரு சாய்கோடு இருந்தால் 'கொல்' என்ற பாரசீகச் சொல்லுக்கு முழுமை என்று பொருள். இரண்டு இருந்தால் அந்தக் க, 'சங்கு' என்பதில் வரும் ஒலியாகி, சொல்லின் பொருள் பூ.

'ஆன்' எழுத அலெஃப் தலையில் மத் என்ற அலைக்கோடு போட்டு, நூனைத் தனியே எழுதுங்கள். மத் விட்டுப்போனால் நெடில் போய்விடும்.

கைப்பேசியில் அரபு விசைப்பலகை வேண்டாம், பாரசீகத்தையே தேர்ந்தெடுங்கள். சொல்லிறுதி யெ-க்குப் பாரசீகத்தில் புள்ளி கிடையாது. அரபு யெ போட்டுத் தேடினால் பல இடங்களில் சொல் அகப்படாது.

இலக்கணம் நமக்குச் சுலபம். ஈன் கெதாப் என்றால் இந்தப் புத்தகம் (நம் ஊர் 'கிதாபு' தான்). ஈன் கெதாப் அஸ்த் என்றால் இது புத்தகம். இந்தப் புத்தகங்கள் என்பதில் 'இந்த' மாறாததுபோல் ஈன் கெதாப்ஹா என்பதிலும் ஈன் மாறாது. 'ஈன்ஹா கெதாப்ஹா' என்று இரண்டிலும் பன்மை ஏற்றினால் 'இந்தப் புத்தகங்கள்' ஆகாது. பெயர்ச்சொல் இல்லாமல் தனியே நின்றால்தான் ஈன்ஹா, இவை. இங்கே ஈன்ஜா, அங்கே ஆன்ஜா. இதே ஹமீன், அதே ஹமான்.

தெஹ்ரான் பேச்சில் ஆன், 'ஊன்' ஆகிவிடும். எழுத்தில் ஆன் என்றே இருக்கட்டும். பெரியவர் ஒருவரைச் சுட்டும்போது வெறும் ஈன் என்றால் மரியாதைக் குறைவு. ஈஷான் என்று சொல்லுங்கள்.