பறக்கும்போது ரேடியோ அலைவரிசையை மாற்றுவது எப்படி?

பயிற்சிக் காலத்தில் என்னை அதிகம் வியர்க்க வைத்தது ரேடியோதான்; தரையிறக்கம்கூட அதற்கு அடுத்துதான். செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் இருக்கும் பழைய கேஎக்ஸ் 155 ரேடியோப் பெட்டியை வைத்துச் சொல்கிறேன்.

தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் "கான்டாக்ட் அப்ரோச், ஒன் டூ செவன் டெசிமல் நைனர்" என்றதும், அதாவது இனி 127.9-இல் அப்ரோச் என்ற அடுத்த கன்ட்ரோலரிடம் பேசுங்கள் என்றதும், பென்சிலை எடுங்கள். தொடையில் கட்டிய அட்டையில் 127.9 என்று எழுதிக்கொள்ளுங்கள். சிலர் இதற்கும் டேப்லெட் வைத்திருக்கிறார்கள். விமானம் குலுங்கும்போது விரல் எங்கெங்கோ படும். நூலில் கட்டிய பென்சிலுக்கு ஈடில்லை.

அடுத்தது, எண்ணைத் திருப்பிச் சொல்வது. இங்கேதான் நான் சறுக்கினேன். அவசரத்தில் அலைவரிசையை மாற்றிவிட்டு, அதன் பிறகு எண்ணை ஒப்பித்தேன். கேட்டவர் புதிய கன்ட்ரோலர். நான் எதற்கு எண் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் பொத்தானைத் தட்டிப் பழைய அலைவரிசைக்குத் திருப்பினார். அங்கே பழையவர் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆகவே அழைப்புக்குறியோடு, அதாவது ரேடியோவில் உங்கள் விமானத்தின் பெயரோடு, எண்ணைப் பழையவரிடமே சொல்லுங்கள். காதில் தவறாக விழுந்திருந்தால் திருத்தக்கூடியவர் அவர்தான்.

இனி குமிழ். பெரிய வளையம் புள்ளிக்கு முன்னால் உள்ள எண்ணுக்கு, சிறியது பின்னால் உள்ளதற்கு. திருகும்போது மாறுவது வலப்பக்கத்துக் காத்திருப்பு எண் மட்டுமே. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால்தான் அது இடப்பக்கம் வந்து வேலை செய்யும். பழைய எண் வலப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை உடனே அழித்துவிடாதீர்கள். புதியவரை இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் ஒரே அழுத்தில் பழையவரிடம் திரும்பிவிடலாம்.

மாற்றியதும் சில நொடிகள் காது கொடுத்துவிட்டுப் பேசுங்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்ற இரைச்சல்தான் மிஞ்சும்.

பின்சேர்க்கை: 118.025-ஐ வைக்க முடியவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். இந்தப் பெட்டியில் கடைசி இலக்கம் தெரியாது, 118.02 என்று காட்டினாலே அது 118.025தான். சிறிய குமிழை வெளியே இழுத்துத் திருகினால் 25 கிலோஹெர்ட்ஸ் படிகளில் நகரும்.

இன்னொருவர் கேட்டது: "கான்டாக்ட்" என்பதற்குப் பதில் "மானிட்டர்" என்றால்? அலைவரிசையை மாற்றிவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். புதிய கன்ட்ரோலரே கூப்பிடுவார்.