கிளைக்குள்ள செயலாளர் சண்டையா? கம்பம், குமுளி பக்கத்து ஆளுகளுக்கு ஒரு வழிமுறை

எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, கரை வேட்டி எந்தக் கலர்ல இருந்தாலும் உள்ள நடக்குற சண்டை ஒண்ணு தான். ஒன்றியச் செயலாளரை மாத்தப் போறாங்கன்னு ஒரு பேச்சு கெளம்பும், மறுநாள் ரெண்டு கோஷ்டியும் தனித்தனி டீக்கடையில உக்காரும், ஒரு வாரத்துல ரெண்டு பிளக்ஸ், ரெண்டு லெட்டர் பேடு, ரெண்டு செயலாளர். ரெண்டு பேருமே எங்க பக்கம் தான் ஆள் அதிகம்பாங்க. ஆள் வேணும் தான், இல்லைங்கல, ஆனா அந்த ஆளுக எந்த லிஸ்ட்ல இருக்காங்க, கூட்டத்தை யாரு கூட்டுனது, அவருக்கு அந்த அதிகாரம் எங்க எழுதியிருக்கு, இதுக்கெல்லாம் காயிதத்துல பதில் இல்லைன்னா ஆயிரம் பேர் கை தூக்கியும் பிரயோஜனம் இல்ல.

அதனால மொத வேலை பைலா புக்கை, அதான் கட்சியோட சட்டதிட்டப் புத்தகத்தைத் தேடுறது. பாதிக் கிளையில அது இருக்காது, இருந்தாலும் யாரும் பிரிச்சுப் பாத்திருக்க மாட்டாங்க. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவுல பதிவாகிற கட்சி எதுவா இருந்தாலும் தன்னோட சட்டதிட்டத்தை தேர்தல் கமிஷன்ல குடுத்தாகணும், அதனால உங்க கட்சிக்கு பைலாவே இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, மாவட்ட ஆபீஸ்ல கேளுங்க, கமிஷன் வெப்சைட்டுலயும் தேடிப் பாருங்க. கையில கெடைச்சதும் முழுசா படிக்க வேணாம். கூட்டத்தை யாரு கூட்டலாம், எத்தனை நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும், பொறுப்பாளர் கூட்ட மாட்டேன்னா எத்தனை உறுப்பினர் கையெழுத்து போட்டுக் கேக்கலாம், அப்புறம் பதவி காலியாச்சுன்னா தற்காலிகமா யாரு. இந்தக் கடைசி விஷயத்துல தான் பெரிய பெரிய கட்சியே விழுந்திருக்கு.

வேடிக்கை என்னன்னா கம்பத்துல ரெட்டை இலைன்னா ஒரு கட்சி, மலை ஏறி கேரளா பக்கம் குமுளிக்குப் போனா ரெட்டை இலை வேற கட்சி, ரெண்டுமே தலைமைச் சண்டையில கோர்ட் வாசலைப் பாத்துட்டு வந்தது தான். அதிமுகவுல 2022 ஜூலை 11 பொதுக்குழுவை எடுத்துக்கங்க. எடப்பாடி பக்கம் உறுப்பினர் பலம் இருந்ததை யாரும் பெருசா மறுக்கல, கேஸ் நடந்தது ஒருங்கிணைப்பாளர் ஓ. பன்னீர்செல்வமும் இணை ஒருங்கிணைப்பாளர் எடப்பாடியும் சேந்து கூட்டாத கூட்டம் செல்லுமான்னு. ஆகஸ்ட் 17 ஹைகோர்ட் தனி நீதிபதி, முந்தின பொதுக்குழு நடந்த ஜூன் 23ல இருந்த நிலைக்கே திரும்புங்கன்னாரு, செப்டம்பர் 2 ரெண்டு நீதிபதி டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து பண்ணுச்சு, 2023 பிப்ரவரி 23ல தான் சுப்ரீம் கோர்ட் அந்தப் பொதுக்குழு செல்லும்னு முடிச்சு வச்சுது. ஏழு மாசம். மாநிலக் கட்சி ஏழு மாசம் தாங்கும், உங்க கிளை தாங்காது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளா காங்கிரஸ் எம். கே.எம். மாணி 2019 ஏப்ரல்ல இறந்தாரு, ஜூன்ல அவரு மகன் ஜோஸ் கே. மாணியை ஒரு தரப்பு சேர்மனாக்குச்சு, பி.ஜே. ஜோசப் தரப்பு தொடுபுழா முன்சீப் கோர்ட்டுல தடை வாங்குச்சு. அப்பா மாணி 1965ல இருந்து ஜெயிச்சுட்டிருந்த பாலா தொகுதியில செப்டம்பர்ல இடைத்தேர்தல், ஜோஸ் தரப்பு வேட்பாளருக்கு ரெட்டை இலை கெடைக்கல, அன்னாசிப்பழச் சின்னத்துல நின்னு தோத்தாரு. அப்புறம் 2020 ஆகஸ்ட்ல தேர்தல் கமிஷன் ரெண்டுக்கு ஒண்ணுங்கிற கணக்குல ஜோஸ் பக்கம் தீர்ப்பு சொன்னப்போ மாநிலக் கமிட்டி உறுப்பினர் லிஸ்ட்டை வச்சு தான் தலையை எண்ணுனாங்க. லிஸ்ட்டுன்னு சொல்றது இதுக்குத் தான்.

நம்ம பக்கம் லிஸ்ட்ல தனியா ஒரு வில்லங்கம் உண்டு. பாதி ஆளுக்கு கூடலூர்ல வீடு, வண்டன்மேட்டுல ஏலக்காய் வேலை, சொந்தக்காரங்க குமுளியில. மெம்பர்ஷிப் சீசன்ல இங்கயும் படிவம் எழுதுவாங்க, அங்கயும் எழுதிக் குடுத்துருவாங்க, யாரும் தப்பா நெனைச்சு பண்றதில்ல, தெரிஞ்சவரு வந்து கேட்டாரு கையெழுத்து போட்டோம் அம்புட்டு தான். ஆனா சண்டைன்னு வந்தா எதிர்க்கோஷ்டி மொதல்ல எடுக்குறது அந்தப் பேர்களைத் தான், இவரு அந்த மாநில உறுப்பினர், இவரு ஓட்டு செல்லாதுன்னு. அதனால சண்டை வர்றதுக்கு முன்னாடியே உக்காந்து லிஸ்ட்டை சுத்தம் பண்ணுங்க. உறுப்பினர் அட்டை நம்பர், வாக்காளர் அட்டை எந்த ஊர்ல இருக்கு, புதுப்பிச்ச ரசீது எங்கன்னு எழுதுங்க, ரெண்டு பக்கமும் இருக்குறவரைக் கூப்பிட்டு அண்ணே எந்தப் பக்கம் வச்சுக்கிறீங்கன்னு கேட்டு, விடுற பக்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதி வாங்கிருங்க. கோவிச்சுக்குவாரு, பரவால்ல. சண்டை ஆரம்பிச்ச பிறகு புது உறுப்பினரைச் சேக்குற வேலை மட்டும் வேணவே வேணாம், எந்தக் கோர்ட்டும் அதைச் சந்தேகமா தான் பாக்கும்.

நோட்டீஸுக்கு வருவோம். தேதி, நேரம், இடம், என்ன பேசப் போறோம், யாரு கூட்டுறது, எந்த விதிப்படி. பேசப் போற விஷயத்தை மழுப்பி எழுதக் கூடாது, "கட்சி வளர்ச்சிப் பணிகள்"னு போட்டுட்டு உள்ள போயி செயலாளரை நீக்குனா அந்தத் தீர்மானம் தான் மொதல்ல அடிபடும், "செயலாளர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம்"னு நேராவே எழுதுங்க. வாட்ஸ்அப் குரூப்ல போட்டா போதுமான்னு எல்லாரும் கேப்பாங்க. போடுங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க, ஏன்னா நாளைக்கு அதைக் கோர்ட்டுல காட்டணும்னா பாரதிய சாட்சிய அதினியம்ங்கிற புது சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவுப்படி சான்றிதழ் வைக்கச் சொல்லுவாங்க, பழைய சாட்சியச் சட்டத்து 65பி மாதிரியே தான். ஆளுக்கு ஒரு தபால் அனுப்புங்க, ரிஜிஸ்டர் போஸ்ட் 2025ல ஸ்பீடு போஸ்ட்டோட சேந்துருச்சு, அதுலயே அக்னாலெட்ஜ்மெண்ட் கேட்டு வாங்கலாம். முக்கியமா யாரைக் கவுக்கப் போறீங்களோ அவருக்குக் கண்டிப்பா அனுப்பணும். அவரு வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்புனா இன்னும் நல்லது, அந்தக் கவரைப் பிரிக்காம அப்படியே வைங்க.

நேரம் வைக்கிறதுலயும் அரசியல் இருக்குங்க. எங்க பக்கம் விடிகாலையிலயே ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியா, குமுளி வழியா எஸ்டேட்டுக்குப் போற ஆளுக தான் கட்சியில பாதி, சாயங்காலம் தான் இறங்குவாங்க. வேலை நாள்ல காலை பத்து மணிக்கு கூட்டம் போடுறதுன்னா அவங்க வரக்கூடாதுன்னு போடுறது, இதை எல்லாக் கோஷ்டியும் தெரிஞ்சே செய்யுது, அதுலயும் தோட்டத்துப் பொம்பளையாளுக பேரை லிஸ்ட்ல வச்சு கோரத்துக்கு, அதான் கூட்டம் செல்ல வேண்டிய குறைஞ்சபட்ச ஆளுக்கு, கணக்கு காட்டிட்டு கூட்டத்துக்கு மட்டும் கூப்பிடாம விடுறதை நெனைச்சா எனக்கு எரிச்சல் தான் வருது. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வைங்க. எதிர்த்தரப்பு காலை நேரம் வச்சா அன்னிக்கே எழுத்துல ஆட்சேபணை குடுத்து அதுக்கு ஒப்புகை வாங்குங்க, கூட்டம் முடிஞ்ச பிறகு கத்துறதுக்கு மதிப்பு கம்மி.

கூட்டத்தன்னிக்கு: வருகைக் கையெழுத்து வாசல்லயே வாங்கணும், பேருக்கு நேரா உறுப்பினர் நம்பரோட. தீர்மானப் புத்தகம் பைண்டிங் போட்ட நோட்டா, பக்க நம்பர் போட்டதா இருக்கட்டும், தனித்தாள்ல எழுதிக் கோத்தா நாளைக்கு நடுவுல சேத்ததுன்னு சொல்லுவாங்க. எதிர்த்துப் பேசுனவங்க பேரையும் எழுதுங்க, எதிர்ப்பே இல்லாம ஏகமனதான்னு எழுதுறது நம்மாளுகளுக்கு ஒரு வியாதி, சண்டை நடந்த கூட்டத்துல அதைப் படிச்சா யாருக்கும் நம்பிக்கை வராது. போட்டோ, வீடியோ எடுத்துக்கங்க, ஆனா கையெழுத்து தான் ராஜா.

ஒருத்தரைக் கட்சியை விட்டே நீக்கணும்னா அது வேற கதை. குற்றச்சாட்டை எழுத்துல குடுங்க, பதில் சொல்ல பைலாவுல இருக்குற நாள் குடுங்க, அவரு பதில் சொன்னா அதைப் பரிசீலிச்சோம்னு ரெண்டு வரியாவது எழுதுங்க. புகார் குடுத்தவரே விசாரிக்கவும் உக்காந்தாருன்னா மொத்தமும் போச்சு. ராத்திரியோட ராத்திரியா லெட்டர் பேடுல "அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட" நீக்கிப் பேப்பருக்கு குடுக்குறது மேடைக்கு நல்லாருக்கும்.

ஆபீஸ் சாவிக்குத் தான் அடிதடி வரும். 2022 ஜூலை 11 அன்னிக்கு ராயப்பேட்டையில கலவரமாகி வருவாய்த்துறை அதிமுக தலைமை ஆபீஸுக்கே சீல் வச்சுது, அப்புறம் ஹைகோர்ட் போயித் தான் சாவி வந்துச்சு. நம்ம ஊர்லயும் அதே தான், அடிச்சுக்கிட்டா போலீஸ் ரிப்போர்ட் போட்டு விஷயம் உத்தமபாளையம் ஆர்டிஓ, அதான் வருவாய்க் கோட்டாட்சியர் கிட்ட போகும், யாரு உண்மையான செயலாளர்னு அவரு பாக்க மாட்டாரு, இடம் யாரு கைவசம் இருந்துச்சுன்னு தான் பாப்பாரு. அதனால வாடகை ஒப்பந்தம் யாரு பேர்ல, கரண்ட் பில்லு யாரு பேர்ல, பேங்க் கணக்குல யாரு கையெழுத்து, இதெல்லாம் இப்பவே பாருங்க. பதவி மாறுன அன்னிக்கே தீர்மான நகலோட பேங்க்குக்கு ஒரு கடுதாசி. பூட்டை உடைக்காதீங்க, சிவில் விவகாரம் கிரிமினல் ஆகிரும்.

கோர்ட்டுக்குப் போறதா இருந்தா, இல்ல எதிர்த்தரப்பு போகும்னு தோணுனா, மொதல்ல கேவியட் போடுங்க. சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவு, 90 நாள் செல்லும், நம்மளைக் கேக்காம தடை வாங்க முடியாம அது காப்பாத்தும். இங்கன்னா உத்தமபாளையம், குமுளி கிளைன்னா பீருமேடு, எந்தக் கிளை சண்டையோ அந்தப் பக்கம். ஆனா கட்சிக்குள்ளயே மாவட்டத்துக்கு, தலைமைக்கு அப்பீல் பண்ண வழி இருந்தா அதைச் செஞ்சுட்டுப் போங்க, இல்லைன்னா மொத நாளே நீதிபதி அதைத் தான் கேப்பாரு. தேர்தல் கமிஷனுக்கு மனு அனுப்பிச் செலவு பண்ணாதீங்க. 1968 சின்னங்கள் ஆணையோட 15வது பத்தி அங்கீகாரம் பெற்ற கட்சி ரெண்டா ஒடையிறப்போ தான் வேலை செய்யும், கூடலூர் நகரச் செயலாளர் யாருன்னு கமிஷன் சொல்லாது.

எல்லை தாண்டுனா விதி மாறும்ங்கிறதை மறக்காதீங்க. தமிழ்நாட்டுல ஊராட்சித் தலைவரும் வார்டு மெம்பரும் கட்சிச் சின்னத்துல நிக்கிறதில்ல, ஒன்றியக் கவுன்சிலர்ல இருந்து தான் சின்னம், அதனால கிளைச் சண்டை பாதி தேர்தல்ல தெரியாமலே போயிரும். கேரளாவுல பஞ்சாயத்து வார்டுக்கே கட்சிச் சின்னம், போதாக்குறைக்கு 1999ல வந்த உள்ளாட்சி கட்சித்தாவல் தடைச் சட்டம் வேற. குமுளியில மெம்பரா இருக்குற நம்மாளு ஒருத்தர் கோஷ்டிக் கோபத்துல விப்பை, அதான் இப்படி ஓட்டு போடுன்னு கட்சி குடுக்குற கட்டளையை மீறி ஓட்டு போட்டாருன்னா பதவி போறதோட ஆறு வருஷம் தேர்தல்ல நிக்கவும் முடியாம போயிரலாம். கம்பத்துல இருக்குற அண்ணன் சொன்னாருன்னு அங்க கை தூக்கிராதீங்க, விப்பு யாரு குடுத்தது, அவருக்கு அதிகாரம் இருக்கான்னு கேட்டு எழுத்துல வாங்குங்க.

சமாதானம் ஆனாலும் ஆகும், தேர்தல் நெருங்குனா பெரும்பாலும் ஆகிரும். அப்போ பெரிய மனுசங்க முன்னாடி மாலை மாத்திட்டுக் கெளம்பிராதீங்க. ஒரே தாள்ல, யாரு செயலாளர், யாரு பொருளாளர், எந்தத் தேதிக்குள்ள ரெண்டு தரப்பும் கேஸை வாபஸ் வாங்குறது, நீக்குனவங்களைச் சேத்த தீர்மானம் எந்தக் கூட்டத்துல போடுறது, பழைய லெட்டர் பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் யாரு கிட்ட ஒப்படைக்கிறது, எல்லாம் எழுதி ரெண்டு தரப்பும் எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து போட்டு, ஒரு காப்பியை மாவட்ட ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்கிட்டு வந்துருங்க.