டியூஷனைத் தள்ளி வையுங்கள், பிள்ளையை வெளியே விடுங்கள்

பாளையங்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் பள்ளிக்கூடங்கள். ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆனதும், போர்டு தெரியவில்லை என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். சோதித்துப் பார்த்தால் கண்ணில் பவர் மைனஸ் முக்கால், மைனஸ் ஒன்று. "அண்ணாச்சி, போனுதான் கண்ணைக் கெடுத்துட்டு" என்பார் அம்மா. போனைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் போனைப் பிடுங்கிவிட்டு அதே நாற்காலியில் உட்காரவைத்து நோட்டு எழுதச் சொன்னால் கண்ணுக்குப் பெரிய லாபம் கிடையாது. அந்தக் கண்ணுக்குக் கிடைக்காமல் போனது பகல் வெளிச்சம்.

பிறந்த குழந்தையின் கண், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை சுமார் 17 மி.மீ. நீளம். பெரியவர்களுக்கு 24 மி.மீ. வரும். அதற்கு மேலும் நீண்டுகொண்டே போனால் தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்; அதுதான் கிட்டப்பார்வை, மைனஸ் பவர். ஒரு மி.மீ. கூடினால் ஏறக்குறைய இரண்டரை, மூன்று பவர் ஏறும். நீண்ட கண் திரும்பச் சுருங்குவதில்லை. நல்ல வெளிச்சம் படும்போது கண்ணின் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது கண் நீள்வதற்குக் கடிவாளம் போடுகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியில் ஒரு பீரியட் கூடுதலாக வைத்தார்கள். மூன்று வருடம் கழித்து அந்தப் பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவானில் 2010 முதல் நாளுக்கு 120 நிமிடம் என்பதையே பள்ளித் திட்டமாக வைத்திருக்கிறார்கள். நானும் அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சொல்கிறேன்.

"வீட்டில் நாலு டியூப்லைட் போட்டிருக்கோமே" என்பவர்களுக்கு என் போனில் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் ஆப்பைத் திறந்து காட்டுவேன். கடைக்குள் எல்லா விளக்கும் எரியும்போது சில நூறுதான் காட்டும். அப்படியே வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றால் எண் ஆயிரங்களுக்குத் தாவிவிடும். நேர் வெயிலில் லட்சம்கூடத் தொடும். ஐப்பசியில் மேகம் மூடிக் கிடக்கிற பகலிலும் வெளியே இருப்பது வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. ஆக, வெயிலில் காயவேண்டியதில்லை. நிழலும் தொப்பியும் தாராளமாகப் போதும். ஒன்றை மட்டும் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லிவையுங்கள்: சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

சரி, இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது? முதலில், ஏற்கெனவே இருப்பதைக் கூட்டிப் பாருங்கள். பள்ளி வேனுக்கு வாசலுக்குள் காத்திருப்பதைத் தெருமுனை மரத்தடிக்கு மாற்றினால் கால் மணி நேரம் தேறும். மதியச் சாப்பாட்டை வகுப்புக்குள் சாப்பிடாமல் மரத்தடியில் சாப்பிடச் சொல்லுங்கள். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறாரா என்று பிள்ளையைக் கேளுங்கள். எடுத்துக்கொள்கிறார் என்றால் பெற்றோர் கூட்டத்தில் கூச்சப்படாமல் பேசுங்கள்.

மிச்சமெல்லாம் மாலையில்தான். இங்கேதான் டியூஷன் குறுக்கே நிற்கிறது. மார்கழியில் நம் ஊரில் ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடும். நாலரைக்கு வீடு வருகிற பிள்ளையை ஐந்து மணிக்கு டியூஷனில் உட்காரவைத்தால் அன்றைய வெளிச்சம் அத்தோடு போயிற்று. ஆறரைக்கு மாற்றித் தர முடியுமா என்று டியூஷன் மிஸ்ஸைக் கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும். அந்த நேரத்தில் ஓடித்தான் ஆடவேண்டும் என்றில்லை. மொட்டை மாடியில் சுண்டலைக் கொடுத்து உட்காரவைத்தாலும் கண்ணுக்கு அது கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை வ.உ.சி. மைதானம். சித்திரை, வைகாசி லீவில் காலை ஒன்பதுக்குள்ளும் நாலரைக்கு மேலும் மட்டும் விடுங்கள். ஆடிக் காற்றில் தூசி விழுந்தால் கண்ணைக் கசக்கவிடாமல் தண்ணீரில் கழுவுங்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் தம்பி தெருவில் கிரிக்கெட் ஆடுவான், அக்கா உள்ளே இருப்பாள். கேட்டால் "கறுத்துப் போயிருவா" என்பார் ஆச்சி. கறுப்பதால் ஒரு குடியும் முழுகிவிடாது. அந்தப் பேச்சில் ஆச்சியை ஜெயிக்க முடியாவிட்டால் ஐந்து மணிக்கு மாடி நிழலில் இறகுப்பந்து ஆட அனுப்புங்கள். பவர் ஏறுகிற வயது இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

தாத்தாக்கள் கேட்கிற வைட்டமின் டி வேறு கணக்கு. காலை ஏழு மணி வெயிலில் அது சொற்பமாகத்தான் கிடைக்கும். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரத்து வெயிலில்தான் தோலில் ஒழுங்காக உண்டாகும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் அதுவும் இல்லை. ஆனால் பிள்ளையின் கண்ணுக்கு ஏழு மணி வெளிச்சம் போதும். கூட நடக்கிற தாத்தாவுக்கும் காலை வெளிச்சம் ராத்திரித் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வெளியே விடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ உதவுகிறது. வந்த பவரை இறக்காது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மைனஸ் பவர் இருந்தால் பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே ஆரம்பித்துவிடுங்கள். பவர் வந்துவிட்டால் கண்ணாடி போட்டே ஆகவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். வேகமாக ஏறினால் கண் டாக்டரிடம் காட்டுங்கள்; அதை மட்டுப்படுத்தச் சொட்டு மருந்து உண்டு, ஆனால் அவர் எழுதித் தந்தால்தான். கண்ணாடி போட்டதும் விளையாட்டை நிறுத்திவிடுகிறார்கள், அது வேண்டாம். பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள், பந்து பட்டாலும் லேசில் உடையாது. தலைக்குப் பின்னால் மாட்டுகிற பட்டை எந்தக் கண்ணாடிக் கடையிலும் கிடைக்கும்.