சித்திரை, வைகாசியில் குமரிக்கு வருகிறவர்களுக்கு

ஏப்ரல் பிறந்தால் போதும், வெளிநாட்டிலிருந்து ஒரே கேள்விதான்: "சென்னையில் 42 டிகிரி என்கிறார்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எப்படி ஊருக்கு வருவது?" சென்னைக் கணக்கு குமரி மாவட்டத்துக்குச் செல்லாது. நாகர்கோவிலில் பகல் வெப்பம் பெரும்பாலும் 33, 34 பக்கம்தான் நிற்கும். ஆளை வாட்டுவது வெயிலைவிடப் புழுக்கம். குளித்துத் துவட்டி முடிப்பதற்குள் மறுபடி வியர்த்துவிடும். அதனால் ஜீன்ஸை அங்கேயே வைத்துவிட்டு, பருத்தித் துணியாகக் கொண்டு வாருங்கள்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கும் என்று நாள்காட்டி சொன்னாலும், இங்கே கடுமையான நாட்கள் மார்ச் கடைசியும் ஏப்ரலும்தான். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் நண்பகல் சூரியன் குமரிமுனைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. மே பிறந்ததும் மேகம் கூடத் தொடங்கிவிடும், வெயிலும் கொஞ்சம் தணியும்.

அப்புறம் கோடை மழை. காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, கடற்காற்றின் ஈரம் மலைச்சரிவில் மோதி மேலெழும்பி, பிற்பகலில் இடியோடு கொட்டும். அறிகுறி எளிது: மூன்று மணி வாக்கில் வேளிமலைப் பக்கம் கருக்கும், காற்று சட்டென்று நிற்கும், தென்னை ஓலைகூட அசையாது. நாகர்கோவில் வடசேரியில் நடைபாதைக் கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தொடங்கினால், நீங்களும் ஒரு கூரைக்குள் போய்விடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கூடவே மின்சாரமும் போகும், அது எப்போது வரும் என்பது வேறு கதை. இங்கே மின்னல் விளையாட்டுக் காரியமல்ல. மொட்டை மாடியில் நின்று மழையை வீடியோ எடுக்கிற ஆசை வேண்டாம். 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் விழும் வாய்ப்பைச் சொல்லும். போனில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

மாவட்டம் சிறியது, ஆனால் மழை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெய்யாது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் கொட்டித் தீர்க்கும் நாளில் கன்னியாகுமரியில் ஒரு துளிகூட விழாமல் இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் போகப் போகப் பசுமை குறைந்து, தாண்டியதும் செம்மண்ணும் காற்றாலைகளுமாக நிலம் வேறாகிவிடும். மே கடைசியிலிருந்து மேற்குக் காற்று அந்த இடைவெளியில் நெருக்கியடித்துப் பாயும். முப்பந்தலில் காரை நிறுத்தினால் கதவைக் கையில் பிடித்தபடியே திறங்கள், காற்று பிடுங்கிவிடும்.

திற்பரப்பு அருவிக்கும் மலையோரக் காளிகேசத்துக்கும் போகிறவர்கள் காலையிலேயே போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது நல்லது. அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்திருந்தால் தண்ணீர் திடீரென்று கலங்கிப் பெருகும். காவலர்கள் தடுத்தால் வாதாட வேண்டாம்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் கடல் திடீரென்று பொங்கிக் கரைக்குள் ஏறும். கள்ளக்கடல் என்பது இதைத்தான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து சேர்கிறது. அதனால் உள்ளூர் வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அப்போது எச்சரிக்கை நடப்பில்தான் இருந்தது. ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் முன்கூட்டியே அறிவிக்கும், உள்ளூர்ச் செய்திகளிலும் வரும். வெளிநாட்டில் நீச்சல் குளத்தில் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கடலின் இழுப்பு தெரியாது. எச்சரிக்கை உள்ள நாளில் கால் நனைக்கக்கூட இறங்க விடாதீர்கள். அழிக்கால் மாதிரிக் கடலோர ஊர்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் புகுந்துவிடும். அங்கே உறவினர் இருந்தால் முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் படகு, கடல் கொந்தளித்தால் ஓடாது. 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் பாறையையும் சிலையையும் இணைப்பதுதான், கரையிலிருந்து போகப் படகுதான் வழி. ஆகவே ஊருக்கு வந்ததும் முதல் நல்ல காலையிலேயே அதை முடித்துவிடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளி ஏமாந்தவர்கள் நிறைய. மே, ஜூனில் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால் குமரிமுனையில் கடலுக்குள் சூரியன் இறங்கும் காட்சி கிடைப்பது அரிது. மேற்குக் கரையில் உள்ள முட்டம் போய்ப் பாருங்கள். சித்ரா பௌர்ணமி மாலையில் சூரியன் மேற்கே மறைய, நிலா கிழக்கே எழுவதைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். மேகம் மறைத்தால் அதிர்ஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

மீன் ஆசையோடு வருகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரு பக்கமும் தடை. வள்ளத்தில், அதாவது சிறு நாட்டுப்படகில் வருகிற மீன்தான், விலையும் கூடுதலாகத்தான் இருக்கும். அதை ஈடுகட்ட சக்கை (பலாப்பழம்), மாம்பழம், நுங்கு, அக்கானி (பதநீர்) எல்லாம் இந்தப் பருவத்தில்தான்.

கனடா, லண்டன் பள்ளி விடுமுறையை நம்பி ஜூலையில் வருகிறவர்கள் இங்கே கோடையை எதிர்பார்க்க வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் ஜூன் 1 வாக்கில் தொடங்கும், குமரியின் மேற்குப் பகுதிக்கும் அதே மழைதான். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்கள் காய்ந்து கிடக்கும்போது இங்கே துணி உலராது. குடையைவிட ஒரு ஜோடி ரப்பர் செருப்பு அதிகம் உதவும்.

சில வருடம் மழை முந்திக்கொள்ளும். 2021 மே மாதத்தில் புயல்களின் தாக்கத்தால் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்தது. எனவே மே கடைசியில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறவர்கள், நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தானே என்று நினைக்காமல், மழை நாளில் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.